பில் பக்கத்துக்குப் பூட்டு வந்த கதை

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் ஒரே முகவரி. அப்புறம் பில்லுக்கு, ஸ்டாக்குக்கு, டிசைன் படங்களுக்கு என்று சப்டொமைன்கள், அதாவது பிரதான பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்த முகவரிகள், கூடின. ஒரு நாள் காலை முதலாளி போன் எடுத்தார்: "தம்பி, பில் பக்கம் பாதுகாப்பில்லை எண்டு வருது. ஆக்கள் முன்னால நிக்கினம்."

பிரவுசரில் பூட்டுக் குறி வர, தளத்தின் பெயருக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பழைய சான்றிதழில் பிரதான பெயர் மட்டும்தான் இருந்தது. தனித்தனியாக எடுப்பதை விட, சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2018இலிருந்து இலவசமாகத் தரும் வைல்ட்கார்டை, அதாவது எல்லா சப்டொமைனுக்கும் பொதுவான சான்றிதழை, எடுத்துவிடலாம் என்று பட்டது. ஸ்டாக் பக்கம் கடைக்குள் மட்டுமே திறக்கும். டொமைன் நம்முடையதா என்று அறிய, சர்வரின் வலைவாசலான 80ஆம் போர்ட்டை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் சோதனை அங்கே பலிக்காது. வைல்ட்கார்டுக்கோ டிஎன்எஸ் (டொமைன் பெயர்களின் முகவரிப் பதிவேடு) வழி மட்டும்தான். சான்றிதழ் எடுத்துத் தரும் செர்ட்பாட் மென்பொருள் கொடுக்கும் எழுத்துக்கோவையை அங்கே டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவாகப் போட்டால், டொமைன் நம்முடையது என்று நம்புவார்கள்.

நட்சத்திரக் குறி போட்ட பெயருக்குள் பிரதான முகவரி அடங்காது. அதனால் இரண்டையும் கேட்டேன். செர்ட்பாட் முதல் கோவையைத் தந்தது, போட்டேன். அதே பெயருக்கு இன்னொரு கோவை வந்தது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன். தோல்வி. மறுபடியும் தோல்வி. மூன்றாம் முறைதான் திரையை ஒழுங்காக வாசித்தேன்: முந்தியதை அழிக்காதே என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது! ஒரே பெயரில் இரண்டு பதிவுகளும் ஒன்றாக நிற்க வேண்டுமாம். மணிக்கு ஐந்து தோல்விக்கு மேல் போனால் நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்பதால், டிஎன்எஸ் பதிவுகளைக் காட்டும் டிக் கட்டளையில் இரண்டு வரியும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே என்டர் தட்டினேன். கிடைத்தது.

கையால் எடுத்தது தானாகப் புதுப்பியாது, ஆயுளோ 90 நாள். அதற்குள் டிஎன்எஸ்ஸை ஏபிஐ உள்ள, அதாவது மென்பொருளே பதிவை மாற்றக்கூடிய, இடத்துக்கு மாற்றி, அதற்கான செர்ட்பாட்டின் பிளகினைப் போட்டேன். டிரை-ரன் என்ற ஒத்திகை சுத்தமாக ஓடியது. சரி, முடிந்தது என்றிருந்தேன். புதுப்பிக்கும் நாளும் வந்தது. சர்வரின் டிஸ்க்கில் புதுச் சான்றிதழ் இருக்கிறது, பிரவுசரில் பழைய திகதியே நிற்கிறது. பக்கங்களைப் பரிமாறும் வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸை யாரும் ரீலோட் பண்ணவில்லை. பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. புதுப்பித்ததும் செர்ட்பாட் தானே ஓட்டும் டிப்ளாய்-ஹூக்கில் ரீலோட் கட்டளையைச் சேர்த்ததோடு அதுவும் சரி.

போன வாரம் ரிப்பேர் வேலைகளுக்கு முதலாளி இன்னொரு சப்டொமைன் கேட்டார். டிஎன்எஸ்ஸில் ஒரு வரி, என்ஜின்எக்ஸில் ஒரு பிளாக். பிளேன்டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டது.