சர்ட்டிபிகேட் இருக்கு, தைரியம் எங்கிருந்து வரும்?

கேரளால பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி தமிழ் பேசறவங்க நிறைய இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் டிப்ளமோவோ டிகிரியோ முடிச்சுட்டு வீட்டுல இருக்கற பசங்ககிட்ட பேசினா முதல்ல சொல்றது "மலையாளமும் நல்லா எழுத வராதுங்ணா, இங்கிலீஷும் வராதுங்ணா". இந்தப் பக்கம் கம்பெனிங்க நிறைய இருக்கற கஞ்சிக்கோடு, அந்தப் பக்கம் கோயம்புத்தூரு, பொள்ளாச்சி, ரெண்டு பக்கமும் வேலைக்குப் போகலாம், ஆனா ரெண்டுமே நமக்கு இல்லைன்னு மனசுல முடிவு பண்ணிட்டுதான் பயோடேட்டாவே எழுத உக்கார்றாங்க. அதைப் பாக்கறப்போ எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். சர்ட்டிபிகேட் தவிர மனசுக்குள்ள இருக்க வேண்டிய சரக்கு என்ன, அது எப்படி வருதுன்னு கொஞ்ச காலமா தேடிப் படிச்சுட்டிருக்கேன், அதுல எனக்கு உருப்படியாப் பட்டதை எழுதறேன்.

மார்க் சாவிக்காஸ்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர், வேலை வாழ்க்கைல வர்ற மாற்றத்துக்கு ஈடு கொடுக்கறதுக்கு நாலு விஷயம் வேணும்ங்கறார். அடுத்து என்னன்னு முன்கூட்டியே யோசிக்கறது, முடிவு நம்ம கையிலதான்னு நினைக்கறது, வெளிய என்னென்ன வேலை இருக்குன்னு நோண்டிப் பாக்கற ஆர்வம், அப்புறம் நம்மால முடியும்ங்கற நம்பிக்கை. இதை அளக்கறதுக்கு 13 நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 24 கேள்வி வெச்சு ஒரு அளவுகோல் பண்ணி 2012ல வெளியிட்டாங்க. நம்ம பசங்களுக்கு மூணாவதுதான் ரொம்பக் கம்மின்னு எனக்குத் தோணுது. பிட்டர் படிச்சவன் கம்பெனி கேட்டைத் தவிர வேற எதையும் யோசிக்கறதில்லை, பால் பிளாண்ட்லயும் பெரிய ஆஸ்பத்திரிலயும்கூட மெயின்டனன்ஸுக்கு ஆள் வேணும்ங்கறதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

நம்பிக்கை விஷயத்துலதான் வீட்டுல இருக்கற பெரியவங்க கவனிக்கணும். ஆல்பர்ட் பண்டூராங்கற உளவியல் அறிஞர் 1977லயே எழுதிட்டார், ஒருத்தருக்கு தன்மேல நம்பிக்கை வர்றதுக்கு நாலு வழி இருக்கு, அதுல பெரிய வழி தானே ஒரு வேலையை செஞ்சு முடிச்சுப் பாக்கறது, அடுத்தது தன்னை மாதிரியே இருக்கற இன்னொருத்தர் செய்யறதைப் பாக்கறது, அதுக்கப்புறம்தான் "உன்னால முடியும் சாமி"ன்னு மத்தவங்க சொல்றது, நாலாவது உடம்பு காட்டற சமிக்ஞை, அதாவது கை வேர்த்து நெஞ்சு அடிச்சா அதை நாம எப்படி எடுத்துக்கறோம்ங்கறது. நம்ம வீடுகள்ல மூணாவதை மட்டும் தினமும் சொல்லிட்டு, முடியலைன்னா திட்டவும் செய்யறோம். அதுக்குப் பதிலா தெரிஞ்ச கடைல ஒரு மாச கணக்கை டேலிங்கற கணக்கு சாப்ட்வேர்ல போட்டு முடிக்கச் சொல்லுங்க, மலையாளத்துல ஒரு இன்டர்வியூ மாதிரி பக்கத்து வீட்டு சேச்சியை வெச்சு கேள்வி கேக்கச் சொல்லுங்க. முடிச்ச வேலை ஒண்ணு கைல இருந்தா பேச்சே மாறிடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்துல வேலை இழந்தவங்களுக்காக ஒரு பயிற்சி உருவாக்கினாங்க, அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான். வேலை தேடறப்போ என்னென்ன தடங்கல் வரும், வந்தா என்ன பண்ணலாம்னு முன்னாடியே உக்காந்து பேசி வெச்சுக்கறாங்க. "எடுக்கலை"ன்னு பதில் வந்தா அன்னிக்கு யாருக்குப் போன் பண்ணுவேன், அடுத்த வழி எதுன்னு தெரிஞ்சிருக்கும். நமக்கு அடுத்த வழி இருக்கவே செய்யுது, கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுகள் சிலதுல தமிழ்ல கேள்வித்தாள் வாங்கற வசதி இருக்கு, அது தெரியாமயே எத்தனையோ பேர் அப்ளை பண்றதில்லை. தமிழும் மலையாளமும் பேசறவன் எல்லைல இருக்கற வாளையார்ல இருந்து சரக்கு அனுப்பற ஆபீஸுக்கு எவ்வளவு உபயோகம்னு யோசிச்சுப் பாருங்க, அதை பயோடேட்டால முதல் வரிலயே எழுதலாமே.

இதெல்லாம் சொன்னதும் "அப்போ வேலை கிடைக்காதது அவன் மனசோட தப்பு"ன்னு யாராவது எடுத்துக்கிட்டா எனக்கு கோவம் வரும். ஆஸ்திரியால மரியென்தால்னு ஒரு ஊரு, ஊரே நம்பியிருந்த துணி ஆலையை மூடிட்டாங்க. மேரி யஹோடாங்கற சமூக உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் அங்கயே போய் ஆராய்ச்சி பண்ணி 1933ல புத்தகமா போட்டாங்க. நேரம் நிறைய இருந்தும் லைப்ரரில புத்தகம் எடுக்கறது குறைஞ்சு போச்சு, ஆம்பளைங்க நடையே மெதுவாயிடுச்சு. அவங்க யாரும் சோம்பேறி இல்ல, வேலை போனதாலதான் மனசு தளர்ந்துச்சு. அதனால சும்மா படுத்துக் கிடக்கறான்னு பையனை சொந்தக்காரங்க முன்னாடி பேசறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. காலைல எந்திரிச்சுப் போறதுக்கு ஒரு இடம், அது வாசகசாலையானாலும் சரி, ஏற்பாடு பண்ணிக் கொடுங்க.

இதைப் படிக்கறவங்கள்ல தமிழ் மீடியத்துல படிச்சு கஞ்சிக்கோட்லயோ கோயம்புத்தூர்லயோ வேலை பாக்கற அண்ணன், அக்கா யாராவது இருந்தா, லீவுக்கு ஊருக்கு வர்றப்போ இந்தப் பசங்களோட ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. அறிவுரை வேண்டாங்க, முதல் வருஷம் எப்படி சமாளிச்சீங்க, மொழி எங்க இடிச்சுது, சம்பளம் எவ்வளவு வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.