போட்டுக்கங்க

"வேலையா? நான் சும்மாதான் இருக்கேன்."

அதைச் சொன்னபோது அவர் மடியில் பாதி முடிந்த சட்டை. கணவர் தையல்காரர்; காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் இவர். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போகும் நான் கேட்ட கேள்வி இதுதான்: கடந்த 7 நாளில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா? 'இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்திருக்கலாம்.

"இந்தச் சட்டைக்குக் காசு வரும்ல?"

"அவருக்கு வரும்."

"நீங்க பட்டன் வைக்கலைன்னா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வேலைன்னே போட்டுக்கங்க" என்றார்.

மாலையில் படிவங்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர், என்னைவிடச் சின்னவர், கேட்டார்: "அக்கா, இது அவங்க பதிலா, உங்க பதிலா?"

வரையறை என் பக்கம்தான். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவரும் பணியில் இருப்பவரே. 1954-ல் சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு, அப்படிப்பட்டவர் வழக்கமான வேலைநேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது உழைத்திருக்க வேண்டும் என்றது. 1982-ல் அந்த நிபந்தனையும் போனது. பெண்களில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று கொள்கை வகுப்பவர்கள் பார்க்கும் எண், இப்படிப்பட்ட ஒற்றைக் கட்டங்களின் கூட்டல். நான் 'இல்லை' போட்டிருந்தால் அந்த உழைப்பு எந்த அட்டவணையிலும் ஏறியிருக்காது.

ஆனால் மேற்பார்வையாளர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்டால்தான் ஒப்பிட முடியும். நான் தோண்டிக் கேட்டு, இன்னொருவர் கேட்காமல் விட்டால், இரண்டு ஊர்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம்தான். கணக்கெடுப்பில் கேள்வி கேட்கும் முறையைப் பற்றி ஷோபர், கான்ராட் என்ற ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வைத் துணைக்கு இழுத்தேன்: சிக்கலான நிலைமைகளில் கேள்வியின் பொருளை விளக்கினால் பதில் துல்லியமாகிறது, நேரம்தான் கூடும். அவர் மறுக்கவில்லை. நான் விளக்கவில்லை, வழக்கறிஞர் மாதிரி மடக்கினேன் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

இதைவிட உறுத்துவது வேறு. அன்று கடைசி வீட்டிலும் ஒரு பெண் "சும்மாதான்" என்றார். இருட்டிக்கொண்டு வந்தது. 'இல்லை' குறித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவர் கையில் என்ன இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

"மாத்தறதுன்னா நீங்களே மாத்திடுங்க அக்கா" என்று மேற்பார்வையாளர் தையல்காரர் வீட்டுப் படிவத்தை என்னிடமே தந்தார். மாற்றவில்லை. சரியென்று நம்பித்தான் விட்டேன், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் பட்டன் வைத்த அந்தப் பெண் 'நான் வேலை செய்றேன்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. போட்டுக்கங்க என்றுதான் சொன்னார்.