இயற்பியலில் டி பிளஸ், கையில் ஜார்ஜியா விண்ணப்பம்

போன மாதம் சித்தி பையன் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையில், வெளிநாட்டில் டாக்டர் படிப்புக்குச் சேர்த்துவிடும் கோவை காந்திபுரத்து ஏஜென்சி ஒன்று கொடுத்த வழவழப்பான புத்தகம். “அக்கா, அங்க பிளஸ் டூ மார்க்கே பெருசா பாக்க மாட்டாங்களாமா. நீட் குவாலிஃபை ஆனாப் போதுமாமா.” சொல்லும்போது அவன் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்குப் பழக்கமானது. 2019இல் அதே முகத்தோடுதான் நானும் கையெழுத்துப் போட்டேன்.

நான் கேரளப் பள்ளியில் பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் புத்தகம் முழுக்க ஆங்கிலம். ‘வெலாசிட்டி’ என்று டீச்சர் சொல்வது நான் படித்த திசைவேகம்தான் என்று புரியவே ஒரு வாரம் ஆனது. 2018 பிளஸ் டூவில் இயற்பியல் போச்சு. தவறியவர்களுக்கு அதே வருடம் வைக்கும் சே தேர்வு எழுதி, பாஸுக்கான கடைசி கிரேடான டி பிளஸ்ஸில் தப்பித்தேன். அந்த வருட நீட்டில் 88. ஓபிசிக்கான தகுதி மதிப்பெண் 96. அடுத்த வருடம் 131. தகுதிக்கு 107 போதுமாக இருந்தது. ஆனால் 131-ஐ வைத்துக்கொண்டு இங்கே எங்கள் வசதிக்கு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. ஜார்ஜியாவிலிருந்து நாலே நாளில் அட்மிஷன் லெட்டர் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

நாலு நாளில் வந்ததுதான் என்னை உறுத்தியிருக்க வேண்டும். ஏன் இயற்பியலில் தவறினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானாவது யோசித்திருப்பேன். எனக்குப் படிப்பு வராமல் இல்லை. ஆங்கிலத்தில் நீளமாக எழுதியதைப் படித்து மண்டையில் ஏற்ற வரவில்லை. அந்தக் குறை விமானம் ஏறி என்னோடு ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்கும் வந்தது. அங்கே உடற்கூறியல் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். மூன்றாம் வருடம் வார்டுக்குப் போனால் நோயாளி ஜார்ஜிய மொழியில் பேசுவார், டாக்டர் இரண்டு வரி ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். டாக்டர் எங்களிடம் சொன்னது, “மூன்று நாளாக வலி.” மீதி ஒன்பதரை நிமிடம் என்ன சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஊர் மொழியை முதல் வருடத்திலேயே பிடித்தவர்கள் கேஸ் எடுக்கக் கற்றார்கள். நான் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் எஃப்எம்ஜிஇ, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய தேர்வு. 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பல அமர்வுகளில் எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தேறியதில்லை. முதல் தடவை எனக்கு 131. நீட்டில் வாங்கிய அதே எண்! சித்தப்பா அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் தடவை 158. இப்போது ஹவுஸ் சர்ஜன் பயிற்சி இடத்துக்குக் காத்திருக்கிறேன். கொரோனாவில் ஆன்லைனில் படித்த காலத்தை நேரில் ஈடுசெய்ததற்கான சான்றிதழையும் தனியாக வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

தம்பிக்கு விதிமுறை எனக்கு இருந்ததைவிடக் கடுமை. 2021 நவம்பர் 18-க்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு குறைந்தது 54 மாதம், அப்புறம் அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில், எல்லாம் ஒரே நாட்டில் நடக்க வேண்டும். படித்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதியும் வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும். இங்கே வந்து இன்னொரு 12 மாதப் பயிற்சி. ஏஜென்சி புத்தகத்தில் கடல் படம் போட்ட பக்கம் ஒன்று இருந்தது; கரீபியன் தீவு. இரண்டு வருடம் தீவில், மீதி அமெரிக்க மருத்துவமனைகளில் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவிலேயே தங்கப் போகிறவனுக்கு அது ஒரு வழி. பாலக்காட்டில் கிளினிக் போட நினைக்கிறவனுக்கு அந்த இரண்டு நாட்டுக் கணக்கே இடிக்கும். பிலிப்பைன்ஸில் டாக்டர் ஆவதற்கான முதல் படிப்பையே எம்டி என்பார்கள்; அது நான்கு வருடம், அதாவது 48 மாதம்தான். அதற்கு முன்னால் படிக்கும் பிஎஸ் பட்டப் படிப்பை அதோடு சேர்த்துக் காட்டினால் அப்படியே நம்பிவிடக் கூடாது.

மார்க் கேட்க மாட்டார்கள் என்பதும் பாதி உண்மைதான். அந்தக் கல்லூரி கேட்காது, நம் நாடு கேட்கும். எங்கள் காலத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 40. உயிரியலில் ஏ பிளஸ் இருந்ததால்தான் என் டி பிளஸ் மறைந்தது. உங்கள் மார்க் ஷீட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஏஜென்ட் கூட்டித் தருவார் என்று விடாதீர்கள்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். எங்கள் தென்னந்தோப்பின் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆறு வருடப் படிப்போடு நிற்காமல் எஃப்எம்ஜிஇ கோச்சிங், சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். என் அப்பா சேர்க்கவில்லை. தேங்காய் விலை ஏறும் என்ற கணக்கு மட்டும்தான் அவரிடம் இருந்தது.

தம்பியைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. என்னோடு படித்தவர்களில் முதல் தடவையிலேயே எஃப்எம்ஜிஇ தேறியவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் டைபாய்டில் கிடந்தவள். அவள் மார்க் ஷீட்டில் இருந்தது அந்த ஒரு வருடத்து விபத்து. என்னுடையது அப்படியில்லை. இரண்டும் பேப்பரில் ஒரே மாதிரி தெரியும், அதுதான் சிக்கல்.

அதனால் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். என் பழைய ஃபிசியாலஜி புத்தகத்தில் சிறுநீரகம் பற்றிய இரண்டு பக்கம். டிக்‌ஷனரி கூடாது, போன் கூடாது. படித்துவிட்டுப் புரிந்ததைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். திண்ணையில் உட்கார்ந்தான். நாற்பது நிமிடம் கழித்துப் பென்சிலால் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினான். பாதி வார்த்தைகளுக்கு அடியில் கோடு.

“இதுல ஃபிசிக்ஸ் எதுவுமே இல்லியேக்கா, அப்புறம் ஏன் எனக்கு ஓடல?”

அதற்கப்புறம்தான் நாங்கள் உண்மையாகப் பேச ஆரம்பித்தோம். அவன் நீட்டில் தகுதி பெற்றது வெளிநாடு போக மூன்று வருடத்துக்குச் செல்லும். நாளைக்கே ஓட வேண்டியதில்லை. இந்த வருடம் இன்னொரு தடவை எழுதுவது, தினமும் ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் உயிரியல் படித்து எனக்குப் போனில் சொல்வது என்று முடிவானது. நீட் வினாத்தாள் தமிழில் வேண்டுமென்றால் பாலக்காட்டு மையத்தில் கிடைக்காது, தமிழ்நாட்டு மையம் போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. வேலந்தாவளம் தாண்டினால் கோவை. ஆனால் தமிழில் எழுதட்டுமா, ஆங்கிலத்திலா என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்தான்.

“இங்கிலீஷ்லயே எழுதறேங்க்கா. எப்படியும் படிக்கணுமில்ல.”

நேற்று இரவு போன் செய்தான். சிறுநீரகப் பாடத்தில், நெஃப்ரானில் நிற்கிறான்.