இமயமலைக்கு முன்னால் ஒரு காக்காய்

அண்ணன் மகள் இரண்டாம் வகுப்பு. சுதந்திர தின விழாவில் ஒப்பிக்க ஒரு கவிதையை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், குருதி, தியாகம், உயிர் துறப்பேன் என்று வரிக்கு வரி முழக்கம். மூன்று நாளாக அதைக் கத்திக்கொண்டிருந்தவள், "சித்தப்பா, குருதின்னா என்ன?" என்றாள். ரத்தம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி பாரதியின் பாப்பா பாட்டை ரொம்ப நாளைக்கு அப்புறம் முழுசாகப் படித்தேன். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது கவனிக்காத ஒன்று, அதில் நாடு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது. முதலில் விளையாட்டு, பிறகு குருவி, கோழி, எத்தித் திருடும் காக்காய் (அந்தத் திருட்டுக் காக்காய்க்கும் இரக்கப்படச் சொல்கிறார்), பசு, நாய். இதையெல்லாம் தாண்டித்தான் தமிழ்நாட்டைத் தாயென்று கும்பிடச் சொல்கிறார், இமயமலையும் குமரிமுனையும் அதற்கும் பிறகு. வாசலில் நிற்பதை நேசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பார்க்காத மலையும் தன்னுடையதாகும் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. அதற்காக எல்லாம் கொஞ்சல் என்றும் சொல்ல முடியாது, பாதகம் செய்பவரை மோதி மிதிக்கச் சொல்வதும் இதே பாட்டுதான். ஆனால் நாட்டுக்காகச் செத்துப் போ என்று குழந்தையிடம் ஓரிடத்திலும் கேட்கவில்லை. நாட்டைக் காட்டிய கையோடு சாதிகள் இல்லையடி பாப்பா என்கிறார், நம் விழா மேடைகளில் வசதியாக விட்டுவிடுகிற இடம் அது.

இத்தனைக்கும் 1908 முதல் 1918 வரை, ஆங்கிலேய அரசிடம் சிக்காமல் இருக்க, பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் இருந்தவர். எல்லை தாண்டி வந்ததுமே கடலூரில் பிடித்துப் போட்டார்கள். இளைய மகள் சகுந்தலாவுக்காக அந்தப் புதுச்சேரியில் எழுதியதுதான் இந்தப் பாட்டு. தான் கால்வைக்க முடியாத நாட்டைத்தான் வடக்கே மலை, தெற்கே முனை, இரண்டு பக்கமும் கடல் என்று மகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறார்.

மறுநாள் அந்த நாலு வரியை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இமயமலைக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், குமரிமுனைக்குக் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டாள், கடலுக்கு இரண்டு கையையும் விரித்ததில் மேசைமேல் இருந்த தம்ளர் போயிற்று. டீச்சரும் சரி, இதையே சொல்லட்டும் என்றுவிட்டார். இப்போது அவளுக்கு ஒரே கவலை.

"மேடையில நிக்கும்போது கிழக்கு எந்தப் பக்கம் சித்தப்பா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும்.