வளர்த்தி ஆளுக்கொரு வேகம்: ஒரு பி.டி. வாத்தியாரின் நாட்குறிப்பு

19 ஜூன் 2024

எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இன்று உயரம், எடை எடுத்தோம். எல்லாருக்கும் 13 வயதை ஒட்டித்தான். ஒருத்தன் 164 செ.மீ., மீசை அரும்பி, குரலும் உடைந்துவிட்டது. அவன் பெஞ்சிலேயே உட்காருகிறவன் 140. கபடியில் கால் வேகம் இந்தச் சின்னவனுக்குத்தான். ஆனால் ஆள் பிரிக்கும்போது கடைசியில்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள்.

24 ஜூன்

சின்னவனின் ஆச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். "சார், இவன் இப்படியே நின்னுருவானா? பக்கத்து வீட்டுக்காரி ஏதோ பவுடர் வாங்கிக் குடுக்கச் சொல்லுதா."

"பவுடரை விடுங்க ஆச்சி, முதல்ல டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றேன். அப்பா எப்படி வளர்ந்தார் என்று கேட்டேன்.

"அவனும் பொடிப்பயலாத்தான் திரிஞ்சான். காலேஜ்ல சேர எடுத்த பேன்ட்டு, பொங்கலுக்குள்ள கணுக்காலுக்கு மேல ஏறிட்டு."

டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லச் சொல்லி அனுப்பினேன்.

2 ஜூலை

பாளையங்கோட்டையில் குழந்தை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். இடது கையை விரித்து வைத்து ஒரே ஒரு எக்ஸ்ரே. டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். விரல் எலும்பு ஒவ்வொன்றின் அடிமுனையிலும் ஒரு சில்லு தனியாக நிற்கிறது, நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அது வெறும் இடைவெளி இல்லை, குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு நீளுவது அங்கேதான். வளர்ந்து முடிந்ததும் சில்லு ஒட்டிக்கொள்ளும், கோடு மறைந்துவிடும். மணிக்கட்டில் இருக்கும் 8 எலும்புகளும் முதலில் குருத்தெலும்புதான். பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றுகூடத் தெரியாது, வருஷம் போகப்போக ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

அப்புறம் க்ரூலிச்–பைல் அட்லஸைப் புரட்டினார், வயது வாரியாகக் கை எக்ஸ்ரே படங்கள் உள்ள புத்தகம் அது. 1959-இல் வந்த இரண்டாம் பதிப்பைத்தான் இன்னமும் பார்க்கிறார்கள். இவன் கை 11 வயதுப் பக்கத்தோடு பொருந்தியது. இந்த வயதில் இரண்டு வருஷம் முன்பின் இருப்பது மட்டுமே நோய் ஆகாது என்றார். ஆனால் தைராய்டு குறைந்தாலும், வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் எலும்பு பின்தங்கும். அதனால் ரத்தமும் எடுத்தார்கள்.

5 ஜூலை

ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்பாவைப் போலத் தாமதமாக வளருகிற உடம்பு. மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் பார்த்தால் போதும். கோடு இன்னும் திறந்திருப்பதால் மற்றவர்கள் நின்ற பிறகும் இவன் வளருவான். ஆச்சிக்கு அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்கக் கேட்க முகம் தெளிந்தது.

9 ஜூலை

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை பையன்களைவிட உயரமாகிவிட்டாள், கூனிக்கொண்டு நடக்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் பிடிப்பதே ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னாடி. நிமிர்ந்து நடக்கச் சொன்னேன், வாலிபாலுக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அட்லஸில் இருப்பது அமெரிக்காவில் க்ளீவ்லாண்ட் பக்கம் 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் எடுத்த படங்கள். பெரும்பாலும் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள். வயக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளையின் கையை அதோடு வைத்துப் பார்க்கும்போது, மாதக் கணக்கில் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம்.

16 ஜூலை

கபடி செலக்‌ஷன் பேச்சு. நம்ம நெட்டையனைப் பார்த்துவிட்டு, "வயசைக் குறைச்சிருப்பான், எலும்பு டெஸ்ட் எடுங்க" என்றார் வேறொரு பள்ளி மாஸ்டர். கிரிக்கெட்டில் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பது உண்மைதான். ஆனால் அதில் தெரிவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது. பிறந்த தேதி இல்லை. ஜெயமாலா வழக்கில் 1982-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, இந்த முறையில் கணிக்கிற வயது இரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம் என்று. பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தேன். பேச்சு அடங்கியது.

14 வயதுக்குட்பட்டோர் பட்டியலில் நெட்டையன் பிடிக்கிற இடத்தில், சின்னவன் ரெய்டுக்கு. இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.