ஓர் இனிஷியலும் இருநூறு மணி நேரமும்

சரக்கு விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் ஏழு ஆண்டுகள் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் குட்டி யானையில் பார்சல் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பழைய நண்பர்கள் வந்து கேட்கும்போதெல்லாம் விமானம் ஓட்டக் கற்றதைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. என்னை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது என் பெயருக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை எழுத்துதான்.

ஆசை வந்த இடம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். மாலையில் நாங்கள் சேகரித்துக் கொடுக்கும் பார்சல் மறுநாள் காலையில் டெல்லியில் இருக்கும். அதை இரவோடு இரவாக விமானத்தில் கொண்டுபோகிறார்கள் என்பது தெரியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. கேட் திறக்கக் காத்திருந்த ஒரு நாள், மேலே அந்த வண்டியை ஓட்டுகிறவரும் டிரைவர்தானே என்று தோன்றிவிட்டது.

நான் பிளஸ் டூவில் காமர்ஸ். வணிக விமானி உரிமத்துக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பதால், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் பதிவு செய்து ஓராண்டில் முடித்தேன். இயற்பியலில் செய்முறைக்கு 20 மதிப்பெண் உண்டு. வேலையைக் காரணம் காட்டிச் செய்முறை வகுப்பைத் தவறவிடாதீர்கள்.

அடுத்து, விமானத் துறையின் தேர்வுகளை எழுதக் கம்ப்யூட்டர் எண் என்கிற பதிவு எண்ணை வாங்க வேண்டும். அதற்காக என் பழைய பள்ளிச் சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மதிய உணவு நேரத்தில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, கம்பெனி டீ ஷர்ட்டோடு, பழுப்பு உறையைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைந்தது என் பிழை. எழுத்தர் தலையை நிமிர்த்தாமலேயே, "தம்பி, அந்த ட்ரேயில வெச்சுட்டுப் போங்க" என்றார். வைத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து விசாரிக்கப் போனபோது, அப்படி ஒரு விண்ணப்பமே பதிவாகவில்லை என்றார். அவர் என்னை கூரியர் பையன் என்று நினைத்திருக்கிறார்; என் உறை, அன்றைக்கு வந்த மற்ற தபால்களோடு ஏதோ ஒரு பிரிவுக்குப் போய்விட்டிருந்தது. மூன்றாம் முறை இஸ்திரி போட்ட சட்டை அணிந்து போனேன். "உட்காருங்க சார்" என்றார். அதே எழுத்தர்தான். எந்த அலுவலகமானாலும், நகலின் மீது தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். நாள்தோறும் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கிய நான் எனக்கென்று ஒன்று வாங்க மறந்தேன்.

இனி அந்த எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயரும் இனிஷியலும் இருந்தன. ஆதாரிலும் அப்படியே. பாஸ்போர்ட்டில் மட்டும் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் இது ஊரறிந்த விஷயம், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வடக்கே ஒரு கணினியின் முன் அமர்ந்து சரிபார்க்கிறவருக்கோ இவர்கள் இரண்டு ஆட்கள். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு செய்துகொடுக்கிறவர்களிடம் போய், இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் தயாரித்து நோட்டரி கையெழுத்தும் வாங்கினேன். தட்டச்சு செய்தவர் அதிலும் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அதை நான் கவனித்தது வண்ணாரப்பேட்டை வந்து சேர்ந்த பிறகுதான். இன்னொரு பத்திரம், இன்னொரு நாள் சம்பளம்.

மருத்துவப் பரிசோதனையில் முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பை இங்கேயே முடித்துவிட்டு, முதல் வகுப்புக்கு நேரம் கிடைக்கப் பல வாரங்கள் காத்திருந்து, இரவு ரயிலில் பெங்களூரு போனேன். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றவனின் அடையாள அட்டையைப் பார்த்தவர், அறிக்கையில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அறிக்கையில் பெயரை அடித்தது சென்னையில் இருந்த கிளினிக். பிரமாணப் பத்திரம் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. வயிறு கேட்டதற்கு இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, பகல் வண்டியில் ஊர் திரும்பினேன். அடுத்த தேதி கிடைக்க இன்னும் ஏழு வாரம் ஆயிற்று. பரிசோதனை ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

பணத்துக்கு, பொன்னேரிப் பக்கம் இருந்த அம்மாவின் நிலம் வங்கியில் அடமானத்துக்குப் போனது. அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை. தேர்வுகள் ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு வேண்டும். வானிலையியல் தவிர மற்றவற்றை முதல் முறையிலேயே தேறினேன். வானொலித் தொடர்பில் ஒன்பதை 'நைனர்' என்று சொல்லும் பழக்கம் வந்து, பால் பாக்கெட் கணக்கிலும் அப்படியே சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

வேறு மாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172இல் பறந்தேன். உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் நானே பொறுப்பு விமானியாக இருக்க வேண்டும். வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏறி 300 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 556 கிலோமீட்டர் போய்வர வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தவனுக்கு வானம் விசாலமாகவே இருந்தது.

மணிநேரத்தை முடித்து விண்ணப்பித்தேன். திரும்பி வந்தது. பயிற்சிப் பள்ளியின் அலுவலகம் என் சேர்க்கையை ஆதாரைப் பார்த்துப் பதிந்திருந்ததால், பறப்புச் சான்றுகள் எல்லாவற்றிலும் இனிஷியல். மருத்துவச் சான்றிலும் கம்ப்யூட்டர் எண்ணிலும் முழுப்பெயர். திருத்தித் தரச் சொன்னால், கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். வந்தவர், லாக் புக்கில் ஒரு பக்கத்தின் இரவுப் பறப்புக் கூட்டுத்தொகை 10 நிமிடம் உதைக்கிறது என்று கண்டுபிடித்தார். பென்சிலால் கூட்டி மேலே பேனாவால் எழுதிய பக்கம் அது. பென்சிலில் சரியாகவும் பேனாவில் தவறாகவும் இருந்தது.

இதற்குள் வேறொரு கணக்கு கைமீறிப் போயிருந்தது. பொறுப்பு விமானியாகப் பறந்த நேரத்தில் குறைந்தது 15 மணி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பெயரைத் திருத்திக்கொண்டிருந்த வாரங்களில் என் பழைய பறப்புகள் ஒவ்வொன்றாக அந்த ஆறு மாதத்தை விட்டு நழுவிவிட்டன. ஆறு மணி நேரம் மறுபடி பறக்க வேண்டியதாயிற்று, மணிக்கு 14,000 ரூபாய். ஓர் எழுத்துக்கு 84,000 ரூபாய் கொடுத்தவன் வடசென்னையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்த வழியில் வர நினைக்கிறவர்கள், பள்ளியில் சேரும் முன்பே எல்லாக் காகிதங்களிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள்; கடைசிப் பறப்பு முடிந்த வாரமே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

உரிமமும் போயிங் 737க்கான பயிற்சியும் வந்து, வேலையும் கிடைத்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது அப்பாவின் பெயர் என்பதால், பணிப் பட்டியலிலும் அடையாள அட்டையிலும் அதுதான் பெரிதாக இருக்கிறது. கேப்டன்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். துறைமுகத்தில் முப்பது ஆண்டு மூட்டை சுமந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். "என் பேரைச் சொல்லி உன்னைத் திட்டுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.