கேட்காத காதில்தான் சத்தம்

போனை இடது காதுக்கு மாற்றிப் பேச ஆரம்பித்து எத்தனை மாதம் ஆனதோ, எனக்கே தெரியாது. அம்மாதான் கண்டுபிடித்தார்: "வலது பக்கம் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிற." குறும்பி அடைத்திருக்கும் என்று நினைத்துத்தான் ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன். விளக்கடித்துப் பார்த்தவர், குறும்பி இல்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஓர் இசைக்கவையைத் தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேட்குது?" வலது பக்கம்! கேட்காத காதில்தான் கணீரென்றது. தப்பாகச் சொல்கிறேனோ என்று இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். மறுபடியும் வலதுதான். நரம்பு பழுது என்றால் சத்தம் நல்ல காதுப் பக்கம் போகுமாம். ஒலி உள்ளே போகிற வழியில் தடை என்றால் அடைபட்ட பக்கம்தான் பலமாகக் கேட்குமாம். நம்பிக்கை வராவிட்டால் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள்.

அடுத்து ஆடியோகிராம், எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளக்கும் சோதனை. ஒலி புகாத சின்ன அறை, ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக வரும். கேட்டதா, கற்பனையா என்று புரியாமல் சும்மா அழுத்தியதும் உண்டு. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஓர் அதிர்வுக் கருவி. நல்ல காது குறுக்கே வந்து பதில் சொல்லாமலிருக்க அதில் 'உஸ்' என்று இரைச்சல் விட்டார்கள்.

தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள். காற்று வழியில் 45 டெசிபல் வைத்தால்தான் கேட்டிருக்கிறது, எலும்பு வழியில் 15 போதும். இந்த இடைவெளிதான் விஷயமே: நரம்பு சரி, ஒலி போகிற வழியில்தான் தடை என்று அர்த்தம். இடைவெளி இல்லாமல் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நரம்பு வகை, இரண்டும் இறங்கி இடைவெளியும் இருந்தால் கலப்பு வகை. திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமல் போய், அது நரம்பு வகையாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கப் பார்ப்பார்கள். என்னைப்போல் மாதக்கணக்கில் விடக்கூடாது என்று டாக்டரிடம் திட்டும் வாங்கினேன்.

டிம்பனோமெட்ரியில், அதாவது காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனையில், செவிப்பறைக்குப் பின்னால் நீரும் இல்லை. எனவே செவிப்பறையின் அதிர்வை உள்காதுக்குக் கடத்தும் அங்கவடி எலும்பு இறுகிப்போயிருக்கலாம், ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்கிறார். சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும் எலும்பு அது! ஆபரேஷன் செய்யலாம், காது மெஷினும் வைக்கலாம். முதலில் மெஷின் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.